சிலுப்பாத கிடா

நம் வயதுக்காரர்கள் யாரும் இதை மறுக்க மாட்டீர்கள். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நமக்கே யாரும் பிறந்தநாள் கொண்டாடியதில்லை. இப்போது எதிர்வீட்டு நாய்க்குக் கேக் வெட்டுகிறார்கள். நாமும் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போய்க் கைதட்டிவிட்டு வருகிறோம். நாய்க் கேக்கில் சர்க்கரை கிடையாது என்பதால் நமக்கும் ஒரு துண்டு தைரியமாகக் கொடுக்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை. குறை சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. ஒரு முழுப்பரீட்சை லீவு முழுக்க மாட்டு டாக்டர் வீட்டில் இருந்து, ஒரு கிடாவுக்காகச் சோறு இறங்காமல் அழுதவள் நான்.

அந்த லீவில் என் தங்கை பிறக்க அம்மா தாய்வீடு போயிருந்தாள். அங்கே மாமா பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்ததால் என்னைக் கூட்டிப்போகவில்லை. அப்பாவுக்குச் சமைக்க வராது. ஆகவே என்னையும் ஒரு தகரப் பெட்டியையும் கள்ளக்குறிச்சியில் பெரியப்பா வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

பெரியப்பா அரசாங்கத்தில் மாட்டு டாக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். மலை மேலும் கீழுமாக ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கடைசியில் வீட்டின் முன்னறையையே ஆஸ்பத்திரி ஆக்கிக்கொண்டார். 'பொழுது போவணுமே' என்பது அவர் சொன்ன காரணம். "சர்வீஸ்ல இருந்தப்ப மாடு ஆபீசுக்குப் போச்சி, இப்ப என் வூட்டுக்கு வருது" என்பது பெரியம்மா சொன்னது. இரண்டும் உண்மைதான்.

அந்த வீட்டில் காலையில் கண் விழித்தால் முதலில் வருவது காபி வாசனை இல்லை, பினாயில் வாசனை. அதற்கு அடியில் சாணம். அதற்கும் அடியில் எங்கோ தூரத்தில் காபி. வாசலில் மாட்டை நிறுத்திக் கட்ட இரும்புக் குழாயில் ஒரு சட்டம் இருக்கும். மாடு வராத நேரத்தில் அதில்தான் நான் தலைகீழாகத் தொங்குவேன். மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாய் ஒன்று ஆணியில் தொங்கும். புண் கழுவும் ஊதாத் தண்ணீர் ஒரு வாளியில் எப்போதும் இருக்கும். அதில் விரலை விட்டால் நகம் ஒரு வாரத்துக்குப் பழுப்பாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஊசி கண்ணாடியில் இருந்தது, என் முழங்கை நீளம். எவர்சில்வர் டப்பாவில் போட்டு பம்ப் ஸ்டவ்வில் கொதிக்க வைப்பார்கள். டப்பாவுக்குள் டகடகவென்று ஆடும். மண்ணெண்ணெய் தட்டுப்பாடான ஒரு நாள் பெரியம்மா அதே ஸ்டவ்வில் பக்கத்திலேயே ரசம் வைத்தாள். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் குடித்தார். நான் குடிக்கவில்லை.

பெரியப்பா மனிதர்களிடம் பேசுவது ரொம்பக் கம்மி. மாட்டிடம் "இன்னாம்மா, ராத்திரி தூங்கினியா, வயிறு இன்னா பண்ணுது?" என்று ஆற அமர விசாரிப்பார். மாட்டுக்காரர் பதில் சொன்னால் "உம்" என்பார். அந்த 'உம்'மை வைத்துக்கொண்டு அவர் கோபமாக இருக்கிறாரா சந்தோஷமாக இருக்கிறாரா என்று பெரியம்மாவுக்கே கண்டுபிடிக்க முடிந்ததில்லை. ஒன்பது வயதில் நான் அவரைக் கல் மனசுக்காரர் என்று முடிவு கட்டியதில் ஆச்சரியமில்லை.

வந்தவர்களில் சிலரை இன்னும் மறக்க முடியவில்லை. கிளி ஜோசியர் ஒருவர் கூண்டோடு வந்தார். அவருடைய கிளி வெளியே வருகிறது, சீட்டுகளைப் பார்க்கிறது, ஒன்றையும் எடுக்காமல் உள்ளே போய்விடுகிறது. பெரியப்பா கிளியின் அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா கதவோரம் நின்று, "இதுக்கு ஒடம்பு நல்லாவுமான்னு ஒரு சீட்டு எடுத்துப் பாத்திருக்கலாம் இல்ல?" என்றாள்.

"அது எடுத்தாதானேங்கம்மா பாக்கறது?" என்று ஜோசியர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

அலகு அதிகமாக வளர்ந்திருந்தது, அவ்வளவுதான். பெரியப்பா நகவெட்டியால் நுனியை நறுக்கி, அரத்தால் தேய்த்துவிட்டார். கிளி உடனே எனக்காக ஒரு சீட்டு எடுத்தது. கடல் கடந்து போவேன் என்று இருந்தது. இன்னும் பாண்டிச்சேரி கடற்கரையைத் தாண்டவில்லை.

இன்னொரு நாள் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு மலைக்காரர் தம் நாயைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். நாய் முள்ளம்பன்றியோடு வம்புக்குப் போய், மூஞ்சியெல்லாம் முள். பெரியப்பா ஸ்கூட்டர் டூல்ஸ் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துக் கழுவி, ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினார். நாய் முனகியதோடு சரி. மலைக்காரர்தான் மயங்கி விழுந்தார். பெரியம்மா அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்தாள். கறுப்பும் வெள்ளையுமாக இருந்த அந்த முட்களை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். வெகு காலம் பென்சில் டப்பாவில் இருந்தன. எந்த வீடு மாற்றும்போது தொலைந்தனவோ தெரியவில்லை.

இப்படி ஒரு காலையில்தான் கிடா வந்தது. டிராக்டர் டிரெய்லரில், கழுத்தில் மாலையோடு, தனி ஆளாக நின்றுகொண்டு வந்தது. கறுப்பு வெள்ளாட்டுக் கிடா. கொம்பு ஜோராகப் பின்னால் வளைந்திருந்தது. ஆனால் கழுத்திலும் முதுகிலும் திட்டுத் திட்டாக முடி கொட்டிச் சொறி பிடித்திருந்தது. கூட வந்தவர் வடக்கனந்தலில் கரும்பு போட்டிருப்பவர். ஆளும் பெரிய ஆள், குரலும் பெரிய குரல்.

"டாக்டரய்யா, இது சாமி கிடாங்க. புதுக் கெணத்துல தண்ணி வந்தா ஆத்தாளுக்குக் கிடா வெட்றேன்னு வேண்டிக்கினேன். கெணத்துக்குத் தண்ணி வந்துட்சி. கிடாவுக்குச் சொறி வந்துட்சி."

"உம்" என்றார் பெரியப்பா.

"வைகாசி கடைசியில திருவிழா. சொறியோட குடுத்தா ஆத்தா ஏத்துக்க மாட்டா. ஒடம்புல ஒரு வடு இருக்கக் கூடாதுங்க. அதுக்குள்ள பளபளன்னு ஆக்கிக் குடுத்துடுங்க."

நான் அதற்குள் கிடாவின் நெற்றியைச் சொறிந்துகொண்டிருந்தேன். அது கண்ணை மூடித் தலையை என் வயிற்றில் முட்டுக் கொடுத்து நின்றது. "பளபளன்னு ஆனதுக்கு அப்பறம்?" என்று கேட்டேன்.

"வெட்டிடுவோம் பாப்பா" என்றார் அவர், மிகுந்த பிரியத்தோடு.

மற்ற ஆடுகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால், குணமாகும் வரை இங்கேயே கட்டிவிட்டுப் போகச் சொன்னார் பெரியப்பா. பின்பக்கம் முருங்கை மரத்தடியில் கட்டினோம். கிடா வாடை எப்படி இருக்கும் என்று உங்களில் ஆடு வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. பெரியம்மா சமையலறை ஜன்னலைச் சாத்தினாள். என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "இன்னா வேணா பண்ணு, பேரு மட்டும் வச்சிடாத. வச்சா அப்பறம் சோறு எறங்காது" என்றாள். நான் பேர் வைக்கவில்லை. இருந்தும் சோறு இறங்கவில்லை.

அன்று சாயந்திரமே பெரியப்பாவிடம் போனேன்.

"பெரியப்பா, இதுக்கு நல்லாவலன்னா வெட்ட மாட்டாங்க இல்ல?"

"நல்லாவலன்னா சொறியிலியே செத்துடும்."

"நல்லாயிட்டா வெட்டிடுவாங்களே. நீங்க வேணாம்னு சொல்லுங்க."

அவர் ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டே, "அவங்க வேண்டுதல்ல நான் எப்படிம்மா குறுக்க பூர்றது? வைத்தியத்துக்கு வந்த உசுரு. வைத்தியம் பாத்து அனுப்பறதுதான் என் வேலை" என்றார். அவர் என்னிடம் அதுவரை பேசியதிலேயே பெரிய பேச்சு அதுதான். எனக்கு அதில் ஒரு வார்த்தைகூடப் பிடிக்கவில்லை.

முதல் மருந்துக் குளியல் ஒரு வெள்ளிக்கிழமை. வாளித் தண்ணீரில் மருந்தை ஊற்றியதும் பால் மாதிரி வெளுத்தது, மூக்கில் ஏறியது. பெரியப்பா சொம்பில் மொண்டு கிடாவின் முதுகில் விட்டார். கிடா மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பியது பாருங்கள், பெரியப்பாவின் கண்ணாடி, என் பாவாடை, கொடியில் காய்ந்த பெரியம்மாவின் புடவை எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்தன. பெரியம்மா போட்ட சத்தத்தில் முருங்கை மரத்துக் காக்கா பறந்தது.

அடுத்த நாள் கரும்புக்காரர் ஒரு கட்டு அகத்திக் கீரையோடு வந்தார். சாமிக்குப் போகிற உருப்படி இளைத்துவிடக் கூடாது என்று அவருக்குக் கவலை. கிடாவின் முதுகை அழுத்திப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார். தன் புதுக் கிணற்றைப் பற்றியும் பெருமையடித்தார்: பக்கத்து நிலத்தில் அவருடைய அண்ணன் கிணற்றில் இருப்பதைவிடத் தண்ணீர் ஜாஸ்தியாம். அண்ணனோடு ஒரு வரப்புத் தகராறில் பேச்சு நின்று பல வருஷம் ஆகிவிட்டதாம். "தண்ணி மட்டும் பேசுது" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் விடவில்லை. "ஆத்தாளுக்கு இந்தக் கிடாதான் வேணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"தண்ணி தெளிப்போம் பாப்பா. மஞ்சத் தண்ணிய மேல ஊத்தினா ஒடம்ப சிலுப்பும். சிலுப்பிட்சின்னா ஆத்தா உத்தரவு குடுத்துட்டான்னு அர்த்தம். சிலுப்பலன்னா கத்தியத் தொட மாட்டோம். எங்கூர்ல அது கண்டிசன்."

"சிலுப்பாம இருந்திருக்கா?"

"எங்க தாத்தா காலத்துல இருந்து ஒண்ணுகூட இல்ல. மேல தண்ணி பட்டா எந்த ஆடு சிலுப்பாது?"

பெரியப்பா பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டியின் காதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். 'உம்' என்றுகூடச் சொல்லவில்லை.

அன்று முதல் கிடாவுக்குத் தினம் குளியல் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தண்ணீர் பாலாக வெளுக்கும். மற்ற நாட்களில் வெளுக்காது. மருந்து கொஞ்சமாகப் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் ஒரு பிடி மஞ்சள் தூள் போடுவார். கிருமிக்கு நல்லதாம். வேப்பங்கொத்தால் தண்ணீரை முதுகில் தெளிப்பார். அதுவும் கிருமிக்கு நல்லதாம். "கிடாவுக்கு இன்னா, கல்யாணமா? என் மஞ்சத்தூள் டப்பா காலியாவுது" என்று பெரியம்மா தினமும் கேட்டாள். தினமும் 'உம்'தான் பதில்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். மருந்து வந்த காலி டின் ஒன்றையும் இரண்டு குச்சிகளையும் கொடுத்து, குளிப்பாட்டும்போது பக்கத்தில் நின்று அடிக்கச் சொன்னார். "சத்தத்துக்கு மெரளாம பழகணும். மெரண்டா ஊசி ஒடஞ்சிடும்" என்றார். எனக்கு அவர் மேல் கோபம்தான், ஆனால் டின் அடிக்கச் சொன்னால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? அடித்தேன். தெருவே காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு அடித்தேன்.

பெரியப்பா ஒரு கையால் கிடாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு, "நில்லு ராஜா, ஒண்ணும் இல்ல, அப்படியே நில்லு" என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவார். சிலுப்பினால் ஒன்றும் கிடைக்காது. சிலுப்பாமல் நின்றால் அவர் வேட்டி மடியிலிருந்து ஒரு பொறை வெளியே வரும். டீக்கடையில் விற்கும் காய்ந்த ரொட்டி, கல் மாதிரி இருக்குமே, அதேதான். கிடாவுக்கு அந்தப் பொறை மேல் அப்படி ஒரு ஆசை. கொஞ்ச நாளில் மஞ்சள் வாளியைப் பார்த்தாலே தானாக வந்து நிற்க ஆரம்பித்தது. ஒரு பக்கம் நனைந்ததும் திரும்பி மறு பக்கத்தைக் காட்டும். காதைக் கழுவத் தலையைத் தூக்கிக் கொடுக்கும். கண்ணை மூடிக்கொள்ளும். முடிந்ததும் பெரியப்பாவின் மடியை முட்டும். நம் வீட்டுப் பிள்ளைகளில் யாரும் எண்ணெய்க் குளியலுக்கு அப்படி ஒத்துழைத்ததில்லை.

சொறி ஆறிக்கொண்டே வந்தது. புது முடி கறுகறுவென்று முளைத்தது. வருகிற போகிறவர்கள் எல்லாம் டாக்டர் கைராசியை மெச்சினார்கள். நான் ஒருத்திதான் அந்த முதுகைப் பார்த்துப் பார்த்து அழுதேன். ஒரு மத்தியானம் பெரியம்மா கண்ணயர்ந்த நேரத்தில் கயிற்றை அவிழ்த்து, "ஓடு, மலைப் பக்கம் ஓடிடு" என்று தெருவில் விட்டேன். கிடா நேராகத் தெருமுனை டீக்கடைக்குப் போய்ப் பொறை ஜாடியின் முன்னால் நின்றுகொண்டது. கடைக்காரரே பிடித்துக்கொண்டு வந்து கட்டிவிட்டுப் போனார். பிறகு தெருமுனைப் பிள்ளையாரிடம் என் சிவப்பு ரிப்பனைத் தருவதாக வேண்டிக்கொண்டேன். ஆத்தாளுக்கு எதிராகப் பிள்ளையார் என்ன செய்துவிட முடியும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

திருவிழாவுக்கு முதல் நாள் டிராக்டர் வந்தது. கிடா பளபளவென்று இருந்தது. கரும்புக்காரர் சந்தோஷத்தில் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் வர வேண்டும் என்றார். "சினை மாடு ஒண்ணு வருது" என்றார் பெரியப்பா. கிடாவின் கழுத்தை ஒரு தரம் தடவிவிட்டு உள்ளே போய்விட்டார். டிரெய்லரில் ஏறிய கிடா கொஞ்ச தூரம் வரை எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டு போனது. நான் அன்றிரவு பெரியப்பாவோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்றுகூடத் தெரியவில்லை. பேசாதவரோடு பேசாமல் இருப்பதில் இதுதான் சங்கடம்.

மறுநாள் பெரியம்மா என்னைப் பஸ்ஸில் வடக்கனந்தலுக்கு அழைத்துப்போனாள். நான் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். "இங்க வுட்டா நீ அந்தச் சினை மாட்ட வேற அவுத்து வுடுவ" என்றாள்.

கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. திருக்கோவிலூரிலிருந்தும் களமருதூரிலிருந்தும் கரும்புக்காரரின் சொந்தக்காரர்கள் வந்து, பந்தலில் இலை போட இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் அடுப்பு எரிந்தது, மசாலா அரைத்து மலை மாதிரி குவித்திருந்தது. வெங்காயம் வதங்கும் வாசனையில் எனக்கு அழுகை வந்தது; வெங்காயத்தால் இல்லை. பம்பையும் உடுக்கையும் காதைப் பிளந்தன. கிடாவை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒருவர் தயாராக நின்றார். பூசாரி மஞ்சள் தண்ணீர்ச் சொம்பையும் வேப்பிலைக் கொத்தையும் எடுத்தார். நான் பெரியம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

முந்தானையை விலக்கிப் பார்த்தேன். கிடா கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றிருந்தது.

பூசாரி மறுபடி ஊற்றினார். கிடா நிதானமாகத் திரும்பி, மறு பக்கத்தைக் காட்டி நின்றது.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "இன்னாடா இது, சொல்லி வச்ச மாதிரி திரும்புது!" என்றது ஒரு குரல். பூசாரி ஒரு குடம் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார். கிடா தலையைத் தூக்கிக் காதைக் கொடுத்தது. பம்பைக்காரர் இதுவரை போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் பலமாக அடித்தார். கிடாவுக்கு அது மேலும் பிடித்துவிட்டது. முடிவில் அது பூசாரியிடம் போய், அவர் இடுப்பு வேட்டி மடிப்பை மூக்கால் துழாவி, செல்லமாக ஒரு முட்டு முட்டியது. பூசாரி குடத்தோடு இரண்டடி பின்வாங்கினார்.

கரும்புக்காரரின் முகம் சுண்டிவிட்டது. அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ. "ஆத்தா, நான் இன்னா தப்பு பண்ணேன்? கெணத்துத் தண்ணிய எடுத்துக்காத தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதுவரை கிடாவுக்காக மட்டும் பயந்த எனக்கு அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

"கூடப் பொறந்தவன வெலக்கி வச்சிட்டு வேண்டுதல் செஞ்சா எப்படிடா ஏத்துப்பா?" என்றார் பூசாரி. "பெரியவன கூப்பிடு. அவன் கையால ஊத்தட்டும்."

அண்ணன்காரர் கூட்டத்தின் கடைசியில்தான் நின்றிருந்தார்; பல வருஷமாக அங்கேதான் நின்றிருக்கிறார் போல. தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். அவரும் அதே பெரிய ஆள். சொம்பை வாங்கி ஊற்றினார். கிடா முதல் பக்கத்துக்குத் திரும்பி நின்றது.

"இன்னாடா தம்பி, என் கையிலயும் வாங்க மாட்டேங்கறா" என்றார் அண்ணன்.

"வாண்ணா, ரெண்டு பேருமா ஊத்துவோம்" என்றார் தம்பி. இரண்டு பெரிய ஆட்களும் ஒரே குடத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஊற்றினார்கள். ஊற்றும்போதே தம்பி அழ ஆரம்பித்துவிட்டார், அண்ணன் திட்டிக்கொண்டே துண்டைக் கொடுத்தார். கிடா மட்டும் சிலுப்பவே இல்லை.

அப்போதுதான் பூசாரிக்கு அருள் வந்தது. "இது எம் புள்ளடா! வெட்டக் கேக்கல, வளக்கக் கேட்டேன். எம் பேர்ல சுத்தட்டும், வுடுங்கடா!" என்று குரல் கிளம்பியது. குலவைச் சத்தம் வானத்துக்குப் போனது. கத்தி வைத்திருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூசாரி உடைத்த தேங்காயில் ஒரு மூடியைக் கிடாவின் வாயில் கொடுத்தார். பந்தலில் இலைக்கு முன்னால் காத்திருந்த சொந்தக்காரர்களின் முகத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும். அத்தனை மசாலாவும் கடைசியில் உருளைக்கிழங்கில் போய் விழுந்தது.

பஸ் நின்றதும் வீட்டுக்கு ஓடினேன். பெரியப்பா ஸ்டவ் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஸ்டவ் எரியவில்லை. "சிலுப்பல பெரியப்பா! கிடா சிலுப்பவே இல்ல! ஆத்தா காப்பாத்திட்டா! நீங்க வெட்டத்தான அனுப்புனீங்க, ஆத்தா வுடல!" என்று கத்தினேன்.

"ஆமாம்மா. ஆத்தாதான்" என்றார். பிறகு, "முடிஞ்சதும் அதுக்கு யாராவது பொறை குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"பூசாரி தேங்கா குடுத்தாரு."

"உம்" என்றார். எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தார்.

கிடா வெகு காலம் இருந்தது. கோயில் கிடா என்பதால் யாரும் அதட்ட முடியாது. கரும்புச் சோகையும் மரவள்ளித் தழையும் அதன் இஷ்டம். தெருவில் யார் வீட்டில் சாணம் தெளித்தாலும் ஓடி வந்து ஒரு பக்கம் காட்டி நின்றுகொள்ளுமாம். அண்ணனும் தம்பியும் ஒரே மோட்டாரில் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தார்கள். வயதாகி அது செத்தபோது மாலை போட்டுப் புதைத்ததாகக் கரும்புக்காரர் வந்து சொன்னார். அதற்கும் பெரியப்பா 'உம்' என்றுதான் சொன்னாராம். பெரியம்மா சொல்லிக் கேள்வி.

இதை இத்தனை வருஷமும் ஆத்தாளின் மகிமை என்றே பேரப் பிள்ளைகள் வரைக்கும் சொல்லி வந்தேன். போன மாதம் என் மகன் வீட்டு நாய்க்குச் சொறி வந்தது. இப்போது கள்ளக்குறிச்சியில் நாய் பூனைக்கென்றே கிளினிக் வந்துவிட்டது, தெரியுமா? ஏசி, மேலே டிவி, காத்திருக்க நாற்காலி. டாக்டர் சின்னப் பெண், என் மருமகள் வயசு. நாயைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டிலைக் கொடுத்து, "வாரத்துக்கு ஒரு தபா இத தண்ணியில கலந்து ஊத்துங்க. தெனமும் ஊத்திடாதீங்க, வெஷம்" என்றாள்.

"எங்க பெரியப்பா தெனமும் ஊத்துவாரே" என்றேன். சொன்ன பிறகுதான் வெள்ளிக்கிழமை வெளுத்த தண்ணீரும் மற்ற நாள் வெளுக்காத தண்ணீரும் ஞாபகத்துக்கு வந்தன. "மீதி நாள்ல வெறும் மஞ்சத் தண்ணிய வேப்பிலையில தெளிச்சா?"

"கெடுதி இல்லீங்க ஆன்ட்டி. சொறிக்குப் பிரயோஜனமும் இல்ல."

"பக்கத்துல நின்னு ஒருத்தர் டின்னு அடிச்சா?"

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "டின்னா? அது எதுக்குங்க?"

எதுக்கு. மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, பம்பைக்குப் பதில் டின். ஒவ்வொரு நாளும் எங்கள் முருங்கை மரத்தடியில் நடந்தது வைத்தியம் இல்லை; வடக்கனந்தல் திருவிழா. யாரைக் கல் மனசு என்று கரித்துக் கொட்டினேனோ அந்த மனிதர் ஊர்க்காரரின் வேண்டுதலையும் கெடுக்காமல், ஆத்தாளின் பேரையும் கெடுக்காமல், ஒரு வார்த்தை வெளியே விடாமல், பொறை கொடுத்தே ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறார். அதற்குப் பம்பை அடித்தவள் நான். அது எனக்கே தெரியாமல் பார்த்துக்கொண்டார். தெரிந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பேன், கிடா குழம்பாகியிருக்கும். ஏசி அறையில் அந்தப் பெண் முன்னால் உட்கார்ந்து நான் சிரித்தேன், அழுதேன். பாவம், அவள் நாயை விட்டுவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

வெளியே வந்து டீக்கடையில் பொறை வாங்கினேன். இன்னும் விற்கிறார்கள், இன்னும் கல் மாதிரிதான். வீட்டுக்கு வந்து நாயைக் கொல்லையில் நிறுத்தித் தண்ணீரை ஊற்றினேன். சிலுப்பப் போனது. தாடையைப் பிடித்தேன். என்ன சொல்ல என்று யோசிக்கும் முன்பே வாயில் வந்துவிட்டது.

"நில்லு ராஜா. ஒண்ணும் இல்ல, அப்படியே நில்லு."

திருவிழா அன்று எரியாத ஸ்டவ் முன்னால் உட்கார்ந்து பெரியப்பாவும் இதையே சொல்லி வேண்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.